தலை வெட்டிய பதினொரு பேப்பர்

நீங்கள் மூன்று பேரும் விநியோகப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். செய்தி எழுத வந்து, இடமில்லாமல் இந்தப் பக்கம் தள்ளப்பட்டவர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கவலைப்படாதீர்கள், நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு வருடத்தில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டுப் போனேன்.

புது ஆட்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டபோது, எதைப் பற்றி என்று கேட்டேன். "இலவசப் பிரதி பற்றி, சேர்" என்றார். இத்தனை பேர் இருக்க அதற்கு ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேசி முடிக்கும்போது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

காசு வராத பிரதிகளில் பல வகை உண்டு. விளம்பரம் கொடுத்தவருக்கு, விளம்பரம் வந்ததற்குச் சாட்சியாக ஒரு பிரதி போகும். நூலகத்துக்கு ஒன்று. புது வாசகரைப் பிடிப்பதற்காக ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு, மாதிரிப் பிரதி. ஊழியருக்கு ஆளுக்கொன்று. இவை இலவசப் பிரதிகள். கடையில் விற்காமல் மீந்தது வேறு, அது திரும்பிய பிரதி. அதை யாரும் இலவசமாகப் பெறவில்லை, யாருமே பெறவில்லை. விளம்பரக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: காசு கொடுத்து எத்தனை பேர் வாங்குகிறார்கள்? அதற்கு நாம் ஓர் எண்ணைச் சொல்கிறோம். அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம் வந்தது.

இந்த வகைப்படுத்தல் ஒரு விநோதமான வேலை. கடற்கரையில் ஒரு ஹோட்டல் தினமும் நாற்பது பேப்பர் வாங்கியது. காசு ஒழுங்காக வரும். அங்கே தங்கியிருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். நம்முடைய தமிழ் எழுத்து அழகாக இருக்கிறது என்று ஓர் அம்மா அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மற்ற முப்பத்தொன்பதும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. புத்தகப்படி அவை முதல்தரமான விற்பனைப் பிரதிகள். யார் படித்தது என்று கணக்குத் தாளின் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தூரத்துக் கடைகளிலிருந்து மீந்த பேப்பரைக் கட்டாகத் திருப்பி அனுப்புவது பெரும் தொல்லை. பஸ்ஸில் ஏற்றினால் நடத்துநர் முகம் சுளிப்பார். அதனால் எங்கள் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பக்கத்தின் மேலே பத்திரிகையின் பெயரும் தேதியும் இருக்கும் துண்டை மட்டும் நான்கு விரல் அகலத்துக்குக் கத்தரித்து அனுப்பினால் போதும். அதைத் தலை என்போம். பத்துத் தலை வந்தால் பத்துப் பேப்பர் திரும்பியதாகப் பதிவோம். மிச்ச உடலைக் கடைக்காரர் வடை சுற்றலாம், அலுமாரித் தட்டில் விரிக்கலாம், அது அவர் பாடு. நான்கு விரல் என்ற அளவைச் சொன்னவன் நான். கடை நிலவரத் தாளை வரைந்தவனும் நான். விற்றது, திரும்பியது, சும்மா கொடுத்தது என்று மூன்று கட்டம். இதற்கு மேல் உலகத்தில் ஒரு பேப்பருக்கு என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வடக்குப் பாதையில் பனிச்சங்கேணிக்கு எங்கள் முகவர் தங்கேஸ்வரி அக்கா. பாலத்துக்கு இப்பால் சிறிய தேநீர்க் கடை, மதியத்தில் சோறும் உண்டு. பேப்பருக்கென்று வருகிறவர் தேநீரும் குடிப்பார், தேநீர் குடிக்கிறவர் பணிஸும் எடுப்பார். பேப்பர் நின்றால் அந்தக் கடையும் நின்றுவிடும். அக்காவுக்கு அதைத் தவிர வேறு வருமானம் கிடையாது.

மாவட்டத்திலேயே திறமான முகவர் அக்காதான் என்று நான் கூட்டங்களில் சொல்வேன். வவுணதீவுக் கடையில் திரும்பல் ஏறும், இறங்கும். அறுவடைக் காலத்தில் சனமெல்லாம் வட்டைக்குள் வயலில் நிற்கும், பேப்பரை எடுக்க ஆள் இராது, தலை குவியும். பனிச்சங்கேணியில் அந்தக் குழப்பமே இல்லை. தினமும் பதினொரு தலை. நேராக வெட்டி, நூலால் கட்டி, உறையில் போட்டு வரும். "தங்கேஸ் அக்காவப் பாத்துப் படிங்க" என்று மற்ற முகவர்களைக் கடிந்திருக்கிறேன். இரண்டு வருடம் இப்படிச் சொன்னேன்.

என் மேற்பார்வைச் சுற்றில் பனிச்சங்கேணி செவ்வாய்க்கிழமை. சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும்படி என் சுற்று அமைந்திருந்தது. அது எப்படி அப்படி அமைந்தது என்று அந்த நாட்களில் நான் யோசிக்கவில்லை.

எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து கணக்காய்வுக்கு ஒரு மிஸ் வந்தார். முப்பது வயது இருக்கும். சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார். தேநீர் கொடுத்தால், "வேண்டாம் சேர், கொண்டு வந்திருக்கிறேன்" என்று பையிலிருந்து போத்தலை எடுப்பார். வந்த அன்றே எல்லாக் கடைகளின் திரும்பல் தாள்களையும் மேசையில் பரப்பினார். ஒரு மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"சேர், தேர்தல் முடிவு வந்த நாள் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? மத்தியானத்துக்கு முந்தி எல்லாக் கடையிலயும் முடிஞ்சிட்டு. கந்தோர்க் கொப்பியையும் பறிச்சுக்கொண்டு போயிட்டாங்க."

"பனிச்சங்கேணியில பதினொண்டு மீந்திருக்கு. வெள்ளத்தில பாதை மூடி, பேப்பர் ஒரு நாள் பிந்திப் போன அண்டைக்கும் பதினொண்டு. ஞாயிறும் பதினொண்டு, வெசாக் லீவுக்கும் பதினொண்டு." தாளைத் தட்டி அடுக்கினார். "மீந்ததை எண்ணினா எண் மாறும், சேர். இது மீந்த எண் இல்ல. இது ஒரு பட்டியல்."

தம்பிமாரே, தங்கச்சி, இரண்டு வருடமாக நான் மெச்சிக்கொண்டிருந்த ஒழுங்கே பிழை என்று ஒரு மணி நேரத்தில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தாள் ஒவ்வொன்றின் அடியிலும் என் கையொப்பம் இருக்கிறது, அதுவும் அழகான கையொப்பம்.

மறுநாளே அலுவலக வான் வண்டியில் போனோம். வழியில் அவர் விதியை ஒருமுறை வாசித்தார். விற்ற பேப்பரை மீந்தது என்று பொய்யாகத் திருப்பிய முகவருக்கு அன்றோடு பேப்பர் நிறுத்தப்படும். ஆனால், மேற்பார்வையாளருக்குத் தெரிந்து நடந்திருந்தால் குற்றம் மேற்பார்வையாளருடையது, முகவர் அவர் அனுமதித்தபடி செய்தவர் ஆவார். வாசித்துவிட்டு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குள் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்கா அடுப்படியில் நின்றார். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, இண்டைக்குச் செவ்வாக்கிழம இல்லையே, என்ன புதினம்?" என்றார். எனக்கும் அக்காவுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம், ஆனாலும் நான் தம்பிதான். "இந்தப் புள்ள ஆரு?"

மிஸ் தன்னை யாரென்று சொன்னார். பதினொரு தலைக் கட்டொன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அக்கா, இது மீந்த பேப்பரா?"

ஒளிப்பார், அழுவார், கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா அகப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மீந்ததில்ல புள்ள. எடுக்கிற ஆக்கள் இரிக்காங்க. தோணிக்காரர் பதினொரு பேர்."

"அப்ப வித்ததுதானே?"

"வித்ததுதான். ஆனா காசு வரல்ல. மீன் வந்திச்சு."

மிஸ் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை.

"வெள்ளெனக் கரைக்கு வரக்குள்ள அவங்கட கையில மீன்தான் இரிக்கும்" என்று அக்கா சொன்னார். "காச மீன் ஏவாரி கிழம முடிஞ்சுதான் குடுப்பான். அதுமட்டும் பேப்பர் காத்துக்கொண்டு நிக்குமா? ஒரு கை இறால வெச்சிட்டு எடுத்துக்கொண்டு போவாங்க. ஒருத்தர் ரெண்டு நண்டு வெப்பாரு. நானும் வேணாம் எண்டு சொல்ல ஏலுமா?"

"தலையை ஏன் வெட்டி அனுப்பினீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி தந்த தாள்ல மூண்டு கட்டம் இரிக்கி. வித்தது எண்டு போட்டா நீங்க காசு கேப்பீங்க, என்னட்ட மீன்தான் இரிக்கி. சும்மா குடுத்தது எண்டு போட நான் சும்மா குடுக்கல்ல. மீனுக்கொரு கட்டம் போட்டிருந்தீங்கெண்டா நான் அதில போட்டிருப்பன். மறுகா நான் எதிலதான் போடுற?"

பொய்க்கணக்குக்கு இவ்வளவு ஒழுங்கான விளக்கத்தை நான் முப்பத்தொரு வருடத்தில் கேட்டதில்லை. மூன்றில் மிகக் குறைந்த பொய் எதுவென்று தேடி, திரும்பியது என்ற கட்டத்தில் போட்டிருக்கிறார். கட்டத்தை வரைந்த நான் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு இருந்தேன்.

"அந்த மீன் என்ன ஆச்சு?" என்று மிஸ் கேட்டார்.

"சோத்துக் கடையில மீன் வந்தா என்ன ஆகும் புள்ள? கறியாகும்."

"யார் சாப்பிட்டது?"

அக்கா என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக அடுப்பைப் பார்த்தார். "வாற போற ஆக்கள் சாப்பிட்டாங்க" என்றார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நெருக்கடியில் வருகிற முதல் யோசனையை நம்பாதீர்கள், அது எப்போதும் நம்மைக் காப்பாற்றத்தான் வரும். "மிஸ், இதை மாதிரிப் பிரதியாகப் போட்டால் என்ன?" என்றேன். பதினொரு பேருக்கும் பேப்பரைப் பழக்கக் கொடுத்தது என்று எழுதலாம், அக்காவின் முகவர் வேலையும் தப்பும், என் கையொப்பமும் தப்பும். ஒரு கிழமைக்கான மாதிரி இரண்டு வருடம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

"பெற்றவங்க கையொப்பம் வேணும்" என்றார் மிஸ். பையில் அந்தப் படிவமும் வைத்திருந்தார். எல்லாப் படிவமும் வைத்திருந்தார்.

தோணிகள் ஒதுங்கும் இடம் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஏழெட்டுப் பேர் வலையில் சிக்கிய குப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தோணியின் விளிம்பில் இருந்து வேலாயுதம் என்பவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேப்பர்தான், தலையில்லை. நான் நல்ல வார்த்தை சொல்லிப் படிவத்தை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தார்.

"'பத்திரிகையை இலவசமாகப் பெற்றுக்கொண்டேன்.' ஆரு? நானா?"

"சும்மா ஒரு முறைக்குத்தான் அண்ணன். ஒரு கையொப்பம்."

"என்ன முறை? நேத்து ஒரு கை இறால் குடுத்த நான். முந்தநாள் மணலை மீன் மூண்டு. இந்தா, இந்தப் பேப்பர்ல என்ன கிடக்கெண்டு கேளுங்க, கடைசிப் பக்கம் வரைக்கும் சொல்றன். இறால் குடுத்துப் படிக்கிறவனுக்கு ஓசிப் பேப்பர்காரன் எண்டு பேரா? டேய், இஞ்ச வாங்கடா, நாமெல்லாம் ஓசியாம்!"

மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஒருவரும் கையொப்பம் வைக்கவில்லை. ஒருவர் படிவத்தை வாங்கி, என்னைப் பார்த்து, திருப்பித் தந்தார். அதுதான் மிகவும் சுட்டது. அந்த ஒரு கை இறாலைப் பட்டணத்துச் சந்தையில் விற்றிருந்தால் இரண்டு மூன்று பேப்பர் வாங்கலாம். எங்கள் பேப்பருக்கு மாவட்டத்திலேயே அதிக விலை கொடுத்தவர்கள் அவர்கள். நான் அவர்களிடம் போய் இலவசம் என்று எழுதித் தரச் சொல்கிறேன்.

வேலாயுதம் ஆறவில்லை. மிஸ்ஸிடம் பேப்பரை விரித்துக் காட்டினார். "புள்ள, நீங்க பெரிய கந்தோர்ல இரிந்து வந்த ஆள். ஒண்டு கேக்கிறன். ஏன் எங்களுக்கு மட்டும் தலைய வெட்டித் தாறீங்க? தேதி தெரியாமப் படிக்கிறம். அது கிடக்கட்டும். இந்தப் பக்கம் வெட்டினா பின்னுக்கு ரெண்டாம் பக்கமும் போகுதெல்லோ? அவடத்த மேல என்ன கிடக்கெண்டு ரெண்டு வருசமா எங்களுக்குத் தெரியாது."

மிஸ் என்னைப் பார்த்தார். "இரண்டாம் பக்கத்தில மேல என்ன வரும், சேர்?"

எனக்குத் தெரியும்.

"கடல் வானிலை" என்றேன்.

காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு, தோணிக்காரர் போகலாமா கூடாதா என்பதெல்லாம் அந்தப் பெட்டியில்தான் வரும். நான்கு விரல் அகலம். மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதை அனுப்பினோம், அதில் பாதிப்பேர் தோணியில் காலே வைக்காதவர்கள். தேவைப்பட்ட பதினொரு பேருக்கு அதை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறோம். நேராக வெட்டியதற்காக நான் மெச்சியும் இருக்கிறேன். வெட்கம் என்றால் அது வெட்கம்.

"காத்து எங்களுக்குத் தெரியும், அதுக்கு உங்கட பேப்பர் வேணாம்" என்று வேலாயுதம் சொன்னார். "ஆனா எங்களுக்கெண்டு போட்டதெல்லோ, அதக் காட்டாம வெச்சிரிந்தீங்க."

திரும்பி நடக்கும்போது பாலத்தடியில் மிஸ் நின்றார். வெயில் ஏறிவிட்டது. அவர் குரலில் அப்போதும் கோபம் இல்லை.

"சேர், ஒரு பிரதி இலவசம் எண்டா, அதை யாரோ ஒருத்தர் சும்மா வாங்கியிருக்கணும். இவங்க சும்மா வாங்கல, மீன் குடுத்திருக்காங்க. அந்த அக்காவும் சும்மா இருக்கல, சமைச்சிருக்காங்க, பரிமாறியிருக்காங்க. அப்ப சும்மா வாங்கினது யார்?"

நான் பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தேன்.

"நீங்க அந்தக் கடையில சாப்பிட்டிருக்கீங்களா?"

"செவ்வாய்க்கிழமைகளில்."

"காசு குடுத்தா?"

இல்லை. அக்கா வாங்க மாட்டார், நானும் இரண்டு முறைக்கு மேல் நீட்டவில்லை. போகும்போது ஆரையம்பதியில் என் வீட்டுக்கு ஒரு பையும் தருவார், இறாலோ நண்டோ. என் மனைவி செவ்வாய்க்கிழமைகளில் தேங்காய் துருவி வைத்துக்கொண்டு இருப்பாள்.

"கடைசிக் கேள்வி, சேர். அந்த மீன் பேப்பருக்கு வந்த மீன் எண்டு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு சொல் போதும்."

இதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்தேன். தெரியாது என்று சொன்னால் அக்காவுக்கு அன்றோடு பேப்பர் நிற்கும், எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வரும், ஐந்து மாதத்தில் மாலை போட்டு அனுப்புவார்கள். தெரியும் என்று சொன்னால் குற்றம் என்னுடையது. வண்டியில் வரும்போது பத்து முறை பழகிய சொல் நாக்கு நுனியில் இருந்தது.

உண்மையில் எனக்குத் தெரியுமா? முதல் மாதமே ஒரு செவ்வாய்க்கிழமை, "எங்கால அக்கா இவ்வளவு இறால்?" என்று நான் கேட்டிருக்கிறேன். "பேப்பர் எடுக்கிற ஆக்கள் தாற, தம்பி" என்று அக்கா சொன்னார். மறைக்கவேயில்லை. அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: அப்படியென்றால் அவர்கள் காசு தருவதில்லையா? அதைக் கேட்டிருந்தால் விசயம் அன்றே தெரிந்திருக்கும், மறுகிழமையிலிருந்து இறாலும் நின்றிருக்கும். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். சாப்பாடு நின்றுவிடும் என்று கேட்காமல் விட்டவன், தெரியாது என்று சொல்ல முடியாது.

"தெரியும், மிஸ்" என்றேன்.

அவர் அந்த இடத்திலேயே, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். பனிச்சங்கேணி, தினமும் பதினொரு பிரதி, திரும்பியது என்பது வெட்டப்பட்டிருந்தது. வகை: ஊழியர் பிரதி. பெற்றவர் என்ற இடத்தில் என் பெயர். ஊழியர் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பிரதிதான் உரிமை. நான் இரண்டு வருடம் பன்னிரண்டு பெற்றிருக்கிறேன். மேலதிகமான பதினொன்றின் விலை என் ஓய்வுக் கொடுப்பனவில் கழியும். அக்காவின் பெயருக்கு எதிரே, "மேற்பார்வையாளரின் அனுமதியுடன்" என்று எழுதியிருந்தார்.

"இது சரியா வரும், சேர்" என்றார். நான் கையொப்பம் வைத்தேன். வழக்கத்தைவிட அழகில்லாமல் வந்தது.

கடைக்குத் திரும்பி அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். நாளையிலிருந்து பதினொன்றும் விற்ற கட்டத்தில் போக வேண்டும், மீனைக் கறியாக்கிக் காசாக்குவது அக்காவின் பொறுப்பு, தலை வெட்டக் கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். என் பெயரில் எழுதியதைச் சொன்னதும் எழும்பிவிட்டார்.

"என்ன வேல தம்பி செஞ்சிரிக்கீங்க? நான் தானே வெட்டின?"

"நான் தானே சாப்பிட்ட, அக்கா."

மிஸ் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். கணக்காய்வாளர்கள் ஏன் சாப்பாடு கொண்டு வருகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அக்கா எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். நான் முதலில் காசை மேசையில் வைத்தேன்.

"இதென்ன?" என்றார் அக்கா. "இத நான் எதில போடுற?"

"வித்ததில போடுங்க, அக்கா."

அக்கா காசை எடுத்து மேசை லாச்சியில் போட்டு, தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் மறுபடி கொண்டு வந்தார். அன்று எனக்கு இரண்டே இரண்டு இறால்தான் இருந்தது. காசு கொடுக்கிற எல்லாருக்கும் அதுதான் அளவாம்.

பனிச்சங்கேணியில் இப்போதும் அக்காதான் முகவர், நீங்கள் போனால் காணலாம். அடுத்த கிழமை நான் போனபோது வேலாயுதம் தலையுள்ள பேப்பரைத் தோணி விளிம்பில் விரித்து வைத்திருந்தார். இரண்டாம் பக்கம் திருப்பி, காற்று பலமாக இருக்கும், கடலுக்குப் போக வேண்டாம் என்று எல்லாருக்கும் கேட்க வாசித்தார். வானத்தைப் பார்த்தார். "பொய்" என்று சொல்லி, பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தோணியைத் தள்ளினார். அவர் சொன்னதுதான் சரி, அன்று இலைகூட அசையவில்லை.

எனக்குப் பிரியாவிடை நடந்தது. மாலையும் போட்டார்கள். பேசியவர்கள் என் நேரந்தவறாமையைப் பற்றி மிகவும் புகழ்ந்தார்கள். நேர்மையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் அந்தத் தாளைப் பார்த்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஊழியருக்கு வாழ்நாள் முழுக்க ஓர் இலவசப் பிரதி உண்டு, உங்களுக்கும் ஒருநாள் வரும். எனக்கு அது இல்லை என்று தனிக் கடிதம் வந்தது. வீட்டில் மனைவி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அப்ப இனிப் பேப்பரும் இல்ல, இறாலும் இல்ல" என்றாள்.

ஆகவே, மாறாத எண்ணைக் கண்டால் மெச்சாதீர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். கட்டம் போதாவிட்டால் இன்னொன்று வரையுங்கள், தாள் நம்முடையதுதான். இலவசம் என்று எழுதுவதற்கு முன்னால், சும்மா வாங்கியவர் யாரென்று கேளுங்கள். கேட்கும்போது உங்கள் வாயில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் ஆரையம்பதிச் சந்தியில், காலையில் நடந்துபோய்க் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறேன். போன மாதம் கடையில் புதிதாக ஒருவர் நின்றார். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நான் நீட்டிய காசைத் தள்ளிவிட்டார்.

"வேணாம் சேர், நீங்க அந்தப் பேப்பர்லயே வேல செஞ்ச ஆள். உங்களுக்கு என்ன காசு? சும்மா கொண்டு போங்க. நான் திரும்பினதில போட்டுக்கொள்றன்."

நான் காசை அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன்.

"வித்ததில போடுங்க தம்பி" என்றேன். "எனக்கு வரவேண்டிய ஓசியெல்லாம் நான் முன்னமே திண்டு முடிச்சிட்டன்."